பழைய வண்டியில் மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள்

பழைய பைக்கோ காரோ வாங்கியவர்களுக்கு வேகம் காட்டும் மீட்டர் மீது ஒரு நாள் சந்தேகம் வந்தே தீரும். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். மெக்கானிக்கிடம் போய், "மீட்டர் சரியில்லைண்ணே" என்போம். அவர் புது மீட்டர் ஒன்றை மாட்டி அனுப்புவார். என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கும் இப்படித்தான் நடந்தது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 48-ல்தான் போனது. புது மீட்டர் மாட்டிய பிறகும் அதே 48. அடுத்த கடையில் "இது டூப்ளிகேட் மீட்டர், ஒரிஜினல் போடுங்க" என்றார்கள். ஒரிஜினலைத் தேடி அலைந்து மாட்டியும் கணக்கு மாறவில்லை. கடைசியில் கோளாறு கிடைத்த இடம் முன் சக்கரம். அதைச் சரிசெய்ய ஆன செலவு, வீணாக வாங்கிய மீட்டர்களின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

நீங்கள் அந்தச் செலவையும் அலைச்சலையும் படக் கூடாது. நான் இங்கே சொல்வது கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள வண்டிகளுக்கு: ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட், சேத்தக், கேபிள் மீட்டர் வந்த மாருதி 800, அம்பாசடர். டிஜிட்டல் மீட்டர் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

1. முதலில் அளந்து எழுதுங்கள்

இதற்குக் காசே ஆகாது. ஜிபிஎஸ் வேகம் காட்டும் ஏதாவது ஒரு இலவச ஆப் உள்ள போன், பின்னால் உட்கார ஒரு ஆள், ஒரு நோட்டு போதும். போனை நீங்களே பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பார்ப்பதும் எழுதுவதும் பின்னால் இருப்பவர் வேலை.

காலை வெயில் ஏறும் முன் நேரான, மேடுபள்ளம் இல்லாத சாலைக்குப் போங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம் போகும் பாதை வசதி. மேம்பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் தடுமாறும். வண்டியின் மீட்டரில் 30 வைத்து, முள் ஆடாமல் பதினைந்து இருபது விநாடி அதே வேகத்தில் போங்கள். அப்போது போன் காட்டும் வேகத்தைப் பின்னால் இருப்பவர் குறிக்கட்டும். பிறகு 40, 50, 60. வேகம் கூட்டும்போதோ குறைக்கும்போதோ போன் காட்டுவதை எழுதாதீர்கள். ஜிபிஎஸ் எண் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

போன் இல்லாமலும் அளக்கலாம். ஒரே வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் உண்மையான வேகம். 60 விநாடி என்றால் 60 கி.மீ., 72 என்றால் 50, 90 என்றால் 40.

அடுத்தது ஓடோமீட்டர், அதாவது வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் காட்டும் எண்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இதுதான். ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரில் எவ்வளவு ஏறியது என்று கடைசிப் புள்ளி எண் வரை எழுதுங்கள். நெடுஞ்சாலையில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். அதை வைத்துத் தொடக்கத்தையும் முடிவையும் துல்லியமாகப் பிடிக்கலாம். சாலை அகலப்படுத்திய இடங்களில் கற்கள் இடம் மாறியிருக்கும். அதனால் ஒரே ஒரு கிலோமீட்டரை மட்டும் நம்பாமல் பத்தாக எடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் மொத்தத் தூரத்தோடும் ஒப்பிடுங்கள்.

என் வண்டியில் வந்த கணக்கு இது:

மீட்டர் 30: உண்மை 24
மீட்டர் 40: உண்மை 32
மீட்டர் 60: உண்மை 48
சாலையில் 10 கி.மீ.: ஓடோமீட்டரில் 12.5

வேகத்திலும் தூரத்திலும் ஒரே விகிதம். இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தாலே மீட்டர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

அதற்கு முன் ஒன்று. எல்லா வித்தியாசமும் கோளாறு ஆகாது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-ன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை. அதனால் கம்பெனிகளே முள்ளைக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். மீட்டரில் 60, போனில் 56 என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மீட்டரில் 60, போனில் 63 என்றால் ஒரு நாளும் விடாதீர்கள். நீங்கள் நினைப்பதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஓடோமீட்டர் பத்து கிலோமீட்டருக்கு 200 மீட்டர் கூடக்குறைய இருந்தால் அதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

2. எழுதியதை வைத்துக் கோளாறைப் பிரியுங்கள்

கேபிள் மீட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் நிற்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதை இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அந்த இழுப்பைத் தடுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தம் வலுவிழந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ முள் பொய் சொல்லும்.

ஓடோமீட்டருக்குக் காந்தத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக எண் உருளைகள் நகர்கின்றன. கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும் அது எண்ணுகிறது. ஓடோமீட்டர் தப்பு என்றால், கேபிளே தப்பான எண்ணிக்கையில் சுற்றுகிறது, அல்லது உள்ளே பல்சக்கரம் வழுக்குகிறது.

இனி உங்கள் நோட்டைப் பாருங்கள்.

- முள்ளும் தூரமும் ஒரே விகிதத்தில் தப்பு: டயர் அளவு, அல்லது சக்கரத்தில் உள்ள மீட்டர் வோர்ம் (கேபிளைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி). மீட்டரைத் தொடாதீர்கள்.
- தூரம் சரி, முள் மட்டும் தப்பு: மீட்டருக்குள் காந்தம், ஸ்பிரிங், அல்லது முள் பொருத்திய இடம்.
- முள் எல்லா வேகத்திலும் ஒரே அளவு, உதாரணமாக எப்போதும் 8 கூடுதல், நின்றாலும் பூஜ்யத்துக்கு வராது: முள்ளை இடம் மாற்றிக் குத்தியிருக்கிறார்கள், அல்லது ஸ்பிரிங் நகர்ந்திருக்கிறது.
- முள் ஓடுகிறது, கிலோமீட்டர் ஏறவில்லை: உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும்.
- இரண்டும் செத்துக் கிடக்கிறது: கேபிள் அறுந்திருக்கும், இல்லை வோர்ம் தேய்ந்திருக்கும்.
- முள் வடக்கும் தெற்குமாக ஆடுகிறது: கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடிந்திருக்கிறது.

3. டயரைச் சரிபாருங்கள்

பைக்குகளில் பெரும்பாலும் மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்துதான் வரும். அப்படிப்பட்ட வண்டியில் பின் டயரை எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் மீட்டர் மாறாது. "பின்னாடி பெரிய டயர் போட்டுட்டீங்க, அதான்" என்று யாராவது சொன்னால் கேபிள் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள். காரில் கியர்பாக்ஸிலிருந்து வரும், அங்கே ஓட்டும் சக்கரங்களின் டயர்தான் கணக்கு.

டயர் பக்கவாட்டில் உள்ள அளவிலிருந்து சுற்றளவைக் கணக்கிடலாம். எங்கள் வீட்டு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கம்பெனி டயர் 145/70 ஆர்12. நிறையப் பேர் ஆல்டோவின் 145/80 ஆர்12 டயரைப் போட்டு ஓட்டுகிறார்கள், கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று. 12 அங்குல ரிம் 304.8 மி.மீ. அதோடு டயரின் அகலமான 145 மி.மீ.யில் 70 சதவீதத்தை (டயரின் பக்க உயரம்) இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் விட்டம் 507.8, சுற்றளவு சுமார் 1595 மி.மீ. ஆல்டோ டயரில் விட்டம் 536.8, சுற்றளவு சுமார் 1686. வித்தியாசம் 5.7 சதவீதம். சரியாக இருந்த மீட்டரில் இனி 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போகும். ஓடோமீட்டரில் 10,000 ஏறும்போது உண்மையில் 10,570 ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கும் மைலேஜ் கணக்கும் அதோடு தப்பிவிடும்.

ஸ்ப்ளெண்டரின் முன் சக்கரத்தில் 2.75-18-க்குப் பதில் 3.00-18 போட்டால் வித்தியாசம் இரண்டு சதவீதம் சொச்சம்தான். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் நடுவே ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். உங்கள் மீட்டர் 20 சதவீதம் தப்புகிறது என்றால் டயர் மேல் பழி போட முடியாது, நேராக வோர்முக்குப் போங்கள்.

கணக்கைவிட நம்பகமானது நேரடி அளவு. காற்று சரியாக அடித்து, வால்வு தரையை நோக்கி வரும் இடத்தில் சாக்பீஸால் தரையில் கோடு போடுங்கள். வண்டியில் ஒருவரை உட்கார வைத்து, சக்கரம் ஐந்து முழுச் சுற்று சுற்றும் வரை தள்ளி, டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள். ஆள் உட்கார்ந்து அளப்பது முக்கியம், பாரத்தில் டயர் அமுங்கும்.

டயர்தான் காரணம் என்றால் அடுத்த முறை மாற்றும்போது கம்பெனி அளவுக்குத் திரும்புங்கள். அதுவரை விகிதத்தை ஒரு சீட்டில் எழுதி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் டயரை இதற்காக மட்டும் கழற்றி எறிய வேண்டாம்.

4. கேபிளும் வோர்மும்

கேபிளை முதலில் பாருங்கள், எல்லாவற்றிலும் மலிவு இதுதான். மீட்டர் பக்கத்து நட்டைக் கழற்றி, உள் கம்பியை உருவி எடுங்கள். இரண்டு முனையிலும் உள்ள சதுரம் உருண்டையாகத் தேய்ந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள். பைக் கேபிள் பெரும்பாலும் 100 முதல் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும், மாட்ட அரை மணி நேரம். உங்கள் மாடலின் நீளத்தையே கேட்டு வாங்குங்கள். நீளம் அதிகமானால் ஹேண்டில் திருப்பும்போது மடங்கும், குறைந்தால் இழுபட்டுக் கழன்று வரும்.

கம்பி நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவுங்கள். இங்கேதான் பெரிய ஆபத்து. மீட்டர் பக்கத்து முனையிலிருந்து ஒரு சாண் அளவுக்குக் கிரீஸே படக் கூடாது. கம்பி சுற்றும்போது கிரீஸ் மெல்ல மேலே ஏறி மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முள் 80-க்குத் தாவி அங்கேயே நிற்கும். கேபிளுக்குச் செய்த நல்லதே மீட்டருக்கு வினையாகிவிடும்.

அடுத்து வோர்ம். முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பிளேட்டைப் பிரித்தால், சக்கரத்தோடு சுற்றும் வளையமும் அதில் பல் கோத்துச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் தெரியும். சில வண்டிகளில் பினியன் பிளாஸ்டிக், பல் மழுங்கியிருந்தால் விரல் நகத்தால் தடவினாலே தெரியும். இந்த வளையம், பினியன் இரண்டின் பல் எண்ணிக்கைதான் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜப்பானிய வழி வந்த பைக் மீட்டர்கள் பொதுவாக 60 கி.மீ. வேகத்துக்குக் கேபிள் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. மீட்டர் ஒரு கணக்கிலும் வோர்ம் வேறு கணக்கிலும் இருந்தால் நீங்கள் எத்தனை புது மீட்டர் மாட்டினாலும் அதே தப்பு வரும்.

பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. யாரோ ஒருவர் டிஸ்க் பிரேக் ஆசையில் வேறு மாடலின் ஃபோர்க்கும் சக்கரமும் மாட்டியிருப்பார். 18 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 17 அங்குல அலாய் போட்டிருப்பார். வண்டி இரண்டு மூன்று கை மாறி உங்களிடம் வரும்போது அந்தக் கதை யாருக்கும் தெரியாது. என் ஆர்எக்ஸில் முன் ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) வேறு வண்டியுடையது. பழைய ஹப் ஒன்றோடு வந்த வளையத்தையும் பினியனையும் ஜோடியாகப் புதுப்பேட்டையில் தேடி எடுத்துப் போட்டதும் 60-க்கு 56 என்று வந்து நின்றது.

வாங்கும்போது வளையத்தையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். உங்கள் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்ப் பல்லை எண்ணிப் பாருங்கள். சென்னையில் பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சக்கரம் கழற்றி மாட்ட ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும். கழற்றியதே கழற்றினோம் என்று பிரேக் ஷூவையும் வீல் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள், இன்னொரு கூலி மிச்சம்.

5. மீட்டரைத் திறக்க வேண்டி வந்தால்

தூரம் சரியாக இருந்து முள் மட்டும் தப்பினால்தான் இந்தப் படிக்கு வாருங்கள். வீட்டில் திறக்காதீர்கள். பழைய மீட்டரின் வெளி வளையத்தை மடித்துத்தான் மூடியிருப்பார்கள். தெரியாமல் நெம்பினால் திரும்பத் தண்ணீர் புகாதபடி மூட முடியாது. முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் ஆவி படியும். முள்ளைப் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் போய்விடும்.

மீட்டர் வேலை மட்டும் பார்க்கும் கடைகள் எல்லாப் பெரிய ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஓட்டிப் பார்த்து செட் பண்ணுவீங்களா?" மோட்டாரில் இணைத்துத் தெரிந்த வேகத்தில் சுற்றி, ஸ்பிரிங்கையும் காந்தத்தையும் சரிசெய்பவரே வேலை தெரிந்தவர். முள்ளைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்திக் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். 40-ல் சரியாக இருக்கும், 70-ல் மறுபடி தப்பும்.

கூலி பெரும்பாலும் சில நூறு ரூபாய், இரண்டு மூன்று நாள் ஆகும். திரும்பி வந்ததும் முதல் படியில் செய்த ஓட்டத்தை மறுபடி செய்து பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் சங்கடம் இல்லை.

6. மீட்டரையே மாற்றினால்: எண்ணும் பில்லும்

உள்ளே துருப்பிடித்துப் போயிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்போது புது மீட்டர் பூஜ்யத்தில் வரும், அல்லது பழைய கடையில் வாங்கினால் யாருடையதோ எண்ணில் வரும். இங்கே அசட்டையாக இருந்தால் வண்டி விற்கும்போது உங்கள் மேல் பழி வரும்.

கழற்றும் முன் பழைய மீட்டரைக் கிலோமீட்டர் தெரிய, வண்டி எண்ணும் வரும்படி போட்டோ எடுங்கள். மாட்டிய பின் புது மீட்டரையும் அப்படியே. கடைப் பில்லில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: வண்டி எண், பழைய மீட்டரின் கடைசி எண், புது மீட்டரின் தொடக்க எண். "பில் வேணாம்னா நூறு குறைச்சுக்கலாம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்வீஸ் புத்தகத்திலும் தேதியோடு எழுதுங்கள். பழைய மீட்டரைக் கடையில் விட்டுவராமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

கேபிள் மீட்டரில் எண் உருளைகளைப் பழைய எண்ணுக்கே வைத்துத் தரத் தெரிந்த கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அதே எண்ணுக்கு வைப்பது சரியான வேலை. "கொஞ்சம் குறைச்சு வைக்கட்டுமா, நல்ல விலை போகும்" என்று கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். குறைத்து வைத்து விற்பது ஏமாற்று, பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவில் வழக்கு வரும் அளவுக்கு. அதைவிட முக்கியம், அந்த எண்ணை நம்பி ஒருவர் செயினையும் பிரேக்கையும் மாற்றாமல் ஓட்டுவார்.

காப்பீடு விட்டுப்போய்த் திரும்ப எடுக்கும்போது வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், அதில் ஓடோமீட்டரும் வரும். முன்பு 62,000 இருந்த வண்டி இப்போது 300 என்று காட்டினால் கேள்வி வரும். அந்தப் பில் அப்போது உங்களைக் காப்பாற்றும்.

7. ஆர்.சி. புதுப்பிக்கும் முன் முடித்துவிடுங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-ம் விதி ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் மீட்டர் ஓடவில்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் வேலை கெடும்.

காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். மீட்டர் வேலையை அதற்கும் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், பாகம் தேட நாளாகும். ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது எல்லாம் தயாராக இருக்கட்டும். 2022 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கும் கட்டணம் பைக்குக்கு 1,000, காருக்கு 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை இரட்டிப்பாக்கிப் பைக்குக்கு 2,000, காருக்கு 10,000 என்று ஆக்கினார்கள். பிந்தினால் மாதத்துக்குப் பைக்குக்கு 300, காருக்கு 500 அபராதம் ஏறும். கட்டும் முன் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தால் ஐந்து ஆண்டு.

8. டிஜிட்டல் மீட்டர் என்றால்

கேபிள் இருக்காது, சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ ஒரு சென்சார் இருக்கும். அளக்கும் முறையும் டயர் கணக்கும் அப்படியே பொருந்தும். முதலில் சென்சாரில் ஒட்டிய சேற்றையும் இரும்புத் தூளையும் துடையுங்கள், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். டயர் அளவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டும் திருத்தும் கருவிகள் கிடைக்கின்றன. அதில் உங்கள் சதவீதத்தைப் பதிந்தால் வேகமும் தூரமும் ஒன்றாகத் திருந்தும்.

கிலோமீட்டர் எண் பெரும்பாலும் மீட்டருக்குள் இருக்கும் சின்ன மெமரி சிப்பில்தான் இருக்கிறது, அதனால் மீட்டரை மாற்றினால் எண்ணும் மாறும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் மாற்றி, பழைய எண்ணையும் புது எண்ணையும் ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். லேப்டாப்பை வைத்துக்கொண்டு தெருமுனையில் எண்ணை மாற்றித் தருபவர்களிடம் போகாதீர்கள். அங்கே பில் இருக்காது, வண்டியை வாங்க வருபவர் பழைய சர்வீஸ் பதிவை எடுத்துப் பார்த்தால் எண் பொருந்தாததற்கு உங்களிடம் பதிலும் இருக்காது.